மண் கரைத்த பால்

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாய்க்காரி என்றால் அது நான்தான். ரெங்கம்மா என்று பெயர் சொல்லி விசாரித்தால் எந்த ரெங்கம்மா என்று கேட்பார்கள். அந்த வாய் பெரிசு ரெங்கம்மா என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட லயத்து வரிசை வீடுகளில் என் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவேன். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. அப்படிப்பட்டவளின் தொண்டையில் ஓட்டை போட்டு, குழாயைச் செருகி, ஒரு சத்தமும் வராமல் செய்துவிட்டார்கள். செய்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த ஓட்டை இல்லையென்றால் நான் அப்போதே போய்ச் சேர்ந்திருப்பேன்.

காற்றுக் காலத்தில் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றபோது, நிழலுக்கு வைத்த மரத்தின் காய்ந்த கிளை முறிந்து என் தலையில் விழுந்ததாம். எனக்கு அது நினைவில் இல்லை. எல்லாம் பிறகு காதில் விழுந்து தெரிந்துகொண்டதுதான். கொழுந்து லொறியில் போட்டு, பள்ளமும் மேடுமான அந்தப் பாதையில் குலுக்கிக் குலுக்கிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மண்டையைத் திறந்து கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். மூளையில் பலமாக அடிபட்டால் மூச்சு விடு என்று உத்தரவு போடுகிற இடமே உத்தரவு போட மறந்துவிடுமாம். அதனால் எனக்குப் பதிலாக ஒரு மெஷின் மூச்சு விட்டது. முதலில் வாய் வழியாகக் குழாய். நாள் போகப் போக அது சரிவராது என்று கழுத்தில் ஓட்டை. பிறகு மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒருநாள் முழுவதுமாக எடுத்தார்கள். மூச்சு வந்துவிட்டது. ஆள் வரவில்லை. இப்படியேயும் இருக்கலாம், தேறியும் வரலாம், வீட்டில் வைத்துக் கவனமாகப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

என்னைப் பார்க்க இருந்தது ஒரே மகள், தனுஜா. அவள் அப்பா சிவஞானம் செத்து வருசங்கள் ஆகிவிட்டன. பதுளை பஜாரில் ஸலீம் முதலாளியின் புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே ஒரு வீட்டில் தங்கியிருந்தாள். தோட்டத்தைவிட்டு வெளியே போன பிள்ளை. நான்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன். கூடையை நீ தூக்கினால் காலை முறிப்பேன் என்று சொல்லி வளர்த்தேன். அவள் என்னால் மறுபடி லயத்துக்கே வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் நஸ்லியா என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி. பதுளை டவுன் பிள்ளை. அவள்தான் தனுஜாவைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாம் பழக்கிக் கொடுத்திருக்கிறாள். குழாய்க்குள் மெல்லிய ரப்பர் வயரை விட்டுச் சளி உறிஞ்சுவது, உள்குழாயைக் கழற்றிக் கொதித்த தண்ணீரில் கழுவுவது, ஓட்டைக்கு மேல் ஈரத்துணி போடுவது, தலைமாட்டை உயர்த்தி வைப்பது, மூக்கு வழியாகப் போகிற குழாயில் மட்டும் கஞ்சியும் பாலும் விடுவது. கடைசியாகச் சொன்னதைத் தனுஜா என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் மாதிரி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. இவர்களுக்கு விழுங்கத் தெரியாது. கொடுத்தது நேராக நெஞ்சுக்குள் போய்விடும்.

எனக்கு நினைவு திரும்பியது லயத்தில்தான். முதலில் வந்தது விறகுப் புகை வாசம். அடுத்தது சத்தம். பக்கத்து வீட்டில் என் நாத்தனார் வீராயி கோழியை விரட்டுகிற சத்தம். சரி, செத்து எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயும் இவளா வந்து நிற்பாள் என்று நினைத்தேன். எழுந்து உட்காரப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. கையைத் தூக்கப் பார்த்தேன். கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் நான் சொன்ன பக்கம் திரும்பாது. கூரைத் தகரத்தைப் பார்த்தபடியே கிடக்கும். மகள் முகத்துக்கு நேரே குனிந்தால், அவளைப் பார்க்க வேண்டும் என்று நான் உயிரை விட்டாலும் கண் வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். அவள் பெருமூச்சு விட்டு எழுந்து போவாள்.

வாயைத் திறந்து கூப்பிட்டேன். உதடு கொஞ்சம் அசைந்தது எனக்கே தெரிந்தது. காற்று முழுக்கக் கழுத்து ஓட்டை வழியாகப் போய்விட்டது. சத்தம் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு அந்த அறையும் கூரைத் தகரமும் கழுத்துக் குழாயும்தான் உலகம். மூச்சு என்றால் என்ன என்று என் மாதிரிக் கிடந்தவளைக் கேட்க வேண்டும். நல்லபடியாக நடமாடுகிறவர்கள் அதை நினைக்கிறதே இல்லை. என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய் அது. அதற்குள் சளி ஏறும். முதலில் கொரகொர என்று கேட்கும். இறைத்து இறைத்து இழுப்பேன். பிறகு சத்தம் மெலிந்து விசில் மாதிரி ஆகும். அப்போது காற்று ஊசிமுனை அளவுதான் வரும். நெஞ்சு தூக்கிப் போடும், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். தனுஜா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தால் அவள் குடத்தோடு வரும் செருப்புச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக் கிடப்பேன். அவள் ஓடிவந்து சளி உறிஞ்சுகிற மெஷினைப் போட்டு வயரை உள்ளே விட்டால், இருமல் குடலைப் பிடுங்கும். அதற்குப் பிறகு ஒரு மூச்சு வரும் பாருங்கள். அதை வாங்கி முடிப்பதற்குள் அடுத்த சளி எப்போது என்ற பயம் வந்துவிடும்.

அவளுக்கும் அதே கதிதான். கூப்பிடு தூரத்தைத் தாண்டி அவளால் போக முடியாது. மெஷின் ஸலீம் முதலாளி எங்கேயோ சொல்லி வாங்கிக் கொடுத்தது. கரண்ட் போனால் காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று வைத்திருந்தாள். மழைக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் இருப்பதைவிடப் போவதுதான் அதிகம். ஒரு காலால் மிதித்துக்கொண்டு, ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வயரை விடுவாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் பெரிய ரோட்டு வரைக்கும்தான் வரும், அங்கே போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் துஷாந்த் என்று ஒரு பையன் அவளைக் கட்டுவதாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தவன், பிறகு போனில் மட்டும் பேசினான், பிறகு அதுவும் இல்லை. போன் அடிக்காத ஞாயிறுகளில் அவள் என் துணிகளை ஓங்கி ஓங்கி அடித்துத் துவைப்பாள்.

நான் விடாமல் உதட்டை அசைத்தேன். அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நம்பினேன். கண்டுபிடித்தவள் வீராயி. கண்டுபிடித்தது எப்படி என்று கேளுங்கள்.

வீராயி என் புருசனின் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பீலிக்கு, கோழிக்கு, விறகுக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் பார்த்த பார்வைக்கு என்று காலமெல்லாம் சண்டை போட்டவர்கள். அப்படியிருந்தும் நான் விழுந்த பிறகு முகம் சுளிக்காமல் என் பீத்துணியைத் துவைத்தவள் அவள். தனுஜாவுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவளும் அவள்தான். பொய் சொல்லக் கூடாது. ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சும்மா விடுவேனா, அடியே வீராயி, எனக்குப் புத்தி இருக்கடி, என்னைப் பாரடி என்று சத்தமில்லாமல் கத்தினேன். அவள் கண் கலங்கிவிட்டது. தனுஜாவைக் கூப்பிட்டாள்.

"பாத்தியா புள்ள, வாய மெல்லுறா. பாலுக்குத் தவிக்கிறாடி ஒங்கம்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆட்களுக்கு அது என்னவென்று தெரியும். சாகப்போகிறவர் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், சொந்தபந்தம் எல்லாம் கூடி ஆளுக்கொரு கரண்டி பால் வாயில் ஊற்றுவார்கள். அந்தப் பாலைக் குடித்துவிட்டு உயிர் நிம்மதியாகப் போகும் என்பார்கள். நிம்மதியாவது மண்ணாவது. விழுங்கத் தெரியாதவள் வாயில் பாலை ஊற்றினால் அது போகிற இடம் நெஞ்சு. அதற்குப் பிறகு எந்த மெஷின் உறிஞ்சி எடுக்கும்?

அன்றைக்குத் தனுஜா ஒத்துக்கொள்ளவில்லை. மிஸ்ஸி வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறா என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். என் வயிற்றில் பிறந்தவள்தானே. எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு நான் உதட்டை அசைக்கவில்லை. பேச வேண்டும் என்று துடித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அசைத்தால் பால், அசைக்காவிட்டால் பிணம். எப்படி மாட்டிக்கொண்டேன் பாருங்கள். அப்படியும் தூக்கத்தில் உதடு தானாக அசைந்திருக்க வேண்டும். வீராயி தினமும் வந்து தவிக்கிறா, தவிக்கிறா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. கடையிலிருந்து தனுஜாவுக்குப் போன் வந்தது. அவள் இடத்தில் வேறு பிள்ளையைச் சேர்த்துவிட்டோம் என்று முதலாளி வருத்தத்தோடு சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அவரும் எத்தனை நாள் இடத்தை வெறுமையாக வைத்திருப்பார்? அவள் சரி முதலாளி, சரி முதலாளி என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். முடி பட்டது.

"நீ போயிரும்மா. ஒன்னைய கும்புடுறேன். என்னால முடியலம்மா. நீ போயிட்டா நான் தப்பிச்சிருவேன்" என்றாள்.

அழுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். மலையில் கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு வருகிறவளின் குரல். நான் என்ன சொல்ல? என் உயிரை எடுத்துக்கொண்டு போடி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. இந்தக் கட்டிலில், இந்தக் குழாயோடு, இந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுகூட எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு கேவலமான ஆசை பாருங்கள். பெற்ற பிள்ளை கும்பிட்டுக் கேட்டும் கொடுக்க மனது வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழாயில் கொரகொர என்று ஆரம்பித்தது. அவள் எழுந்தாள். மெஷின் பக்கம் போகவில்லை. வாசல்படியில் போய் நின்றுகொண்டாள். மழைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என் கண் அன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கம் வழுக்கியிருந்தது. கொரகொர மெலிந்து விசிலாக மாறியது. அது அவளுக்குக் கேட்காமல் இல்லை. தூங்கினாலும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடிவருகிறவள். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கூரை கறுத்துக்கொண்டு வந்தது. வாடி, வாடி, வாடி என்று உள்ளுக்குள் கத்தினேன். பிறகு கத்துவதையும் விட்டேன். போகட்டும், பிள்ளை தப்பிக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேனா, நினைக்க வேண்டியிருந்ததா, தெரியவில்லை.

அவள் திரும்பி ஓடிவந்தாள். மெஷினைப் போட்டாள். வயர் குழாயின் விளிம்பில் இடித்து இடித்துத்தான் உள்ளே போனது. எனக்கு மூச்சு வந்ததும் என் நெஞ்சில் முகத்தை வைத்து, ஐயோ அம்மா, ஐயோ அம்மா என்று மழைச் சத்தத்தையும் மீறி அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யார்மேல், எதற்கு என்று பார்க்காமல் கோபப்படுகிறவள் நான். அன்றைக்கு வரவில்லை.

அடுத்த தடவை வீராயி பால் பேச்சை எடுத்தபோது தனுஜா மிஸ்ஸி பெயரைச் சொல்லவில்லை. என் கழுத்து ஈரத்துணியை நனைத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: "செய்ங்க அத்தை."

வெள்ளிக்கிழமை என்று முடிவானது. வீராயியின் புருசன் பொன்னையா வந்து உட்கார்ந்தான். கங்காணியாக இருந்து ஓய்ந்தவன். இன்னும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவான். சும்மா பால் போதாது, ஆசை அறுபட்டால்தான் உயிர் பிரியும், இவளுக்குப் பொன்னாசையா மண்ணாசையா என்று பார்க்க வேண்டும் என்றான். பொன்னாசை என்றால் நகையைப் பாலில் உரைத்து ஊற்ற வேண்டும். என் உடம்பில் குண்டுமணிப் பொன் கிடையாது, நாத்தனார் உடம்பிலும் கிடையாது. அப்படியானால் மண்ணாசைதான் என்று அவனே தீர்ப்புச் சொன்னான். சொந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துப் பாலில் கரைத்து ஊற்ற வேண்டுமாம்.

எந்தச் சொந்த மண் என்று வீராயி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் அங்கே கிடந்து சிரிக்க முடியாமல் தவித்தேன். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த மலையில் கிடந்து உழைக்கிறோம். எங்கள் பெயரில் ஒரு பிடி மண் உண்டா? படுத்திருக்கிற லயத்து அறை தோட்டத்துடையது. வாசல் தோட்டத்துடையது. தேயிலை மலையைச் சொல்லவே வேண்டாம். பொன்னையா தாடையைத் தடவினான். மூவரும் பேசிப் பேசி, லயத்துக்குப் பின்னால் நான் போஞ்சி போட்டிருக்கிற பாத்தி மண்ணை எடுப்பது என்று வந்து நின்றார்கள். துரை நினைத்தால் நாளைக்கே அதைப் பிடுங்கி எறியச் சொல்லலாம், இருந்தாலும் அவள் கை பட்ட மண்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். என்னைக் கொல்வதற்குக்கூடச் சொந்தமாக மண் இல்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வீராயி என்னை வெந்நீரில் துடைத்தாள். மஞ்சள் பூசினாள். பெட்டியில் இருந்த நல்ல சேலையைச் சுற்றினாள். செய்துகொண்டே அழுதாள். லயமே வந்து அறையிலும் வாசலிலும் நின்றது. பொன்னையா தலைமாட்டுக்கு வைத்திருந்த தலையணைகளை எடுக்கச் சொன்னான். மட்டமாகப் படுக்கவைத்தார்கள். மட்டமாகப் படுத்ததும் மூச்சு பாரமாகிவிட்டது. யாரோ என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி. எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வேன்? உதட்டை அசைத்தேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? வேணாம், வேணாம், வேணாம் என்று அசைத்தேன். பாரு, பாரு, பாலக் கண்டதும் எப்படித் தவிக்குது என்று கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

பெற்ற பிள்ளைதான் முதலில் ஊற்ற வேண்டும். தனுஜா கரண்டியோடு வந்து மண்டியிட்டாள். பால் கலங்கலாக, தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயை மட்டும் பார்த்தாள். அப்போது பொன்னையா இன்னொன்று சொன்னான். உயிர் கண் வழியாகவோ வாய் வழியாகவோ போக வேண்டும், கத்தியால் வெட்டின ஓட்டை வழியாகப் போனால் அலையும், அதை மூடிப் பிடி என்றான். வீராயி ஈரத்துணியை விலக்கி, மஞ்சள் அப்பியிருந்த கட்டைவிரலைக் குழாய் வாயில் வைத்து அழுத்தினாள்.

போச்சு என்று நினைத்தேன். மூச்சை இழுத்தேன். வராது என்று நினைத்த காற்று, பழைய வழியில், வாய் வழியாக, சந்தில் நுழைகிற மாதிரி முட்டி மோதிக்கொண்டு உள்ளே வந்தது. கரண்டி உதட்டில் பட்டது. உள்ளே வந்த காற்றைப் பிடித்து, என் உடம்பில் இருந்த எல்லாப் பலத்தையும் சேர்த்து வெளியே தள்ளினேன்.

"வேணாம்டி."

அது என் குரல் இல்லை. கதவு உராய்கிற மாதிரி ஒரு சத்தம். ஆனாலும் சொல் சொல்லாகவே வந்தது. கரண்டி என் கன்னத்தில் கொட்டிக் கழுத்துக்கு ஓடியது. வீராயி தீ சுட்டவள் மாதிரி விரலை எடுத்தாள். அவள் எடுத்ததும் என் சத்தம் போய்விட்டது. நான் வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன், காற்று மறுபடி கழுத்து வழியாகப் போகிறது. வாசலில் நின்றவர்கள் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. பொன்னையா முருகா, முருகா என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

காரணத்தைப் பிறகு நஸ்லியா மிஸ்ஸி சொன்னாள். கடைசியாகக் கிளினிக்குக்கு வண்டி பிடித்துக் கொண்டுபோனபோது உள்ளே பலூன் இல்லாத சின்னக் குழாயாக மாற்றியிருந்தார்களாம். அதைச் சுற்றிக் காற்று மேலே போக இடம் இருந்திருக்கிறது. ஓட்டையை மூடினால் காற்று தொண்டைக்கு ஏறும், பேச்சு வரும். எல்லாருக்கும் இப்படி வராது, மூச்சே அடைத்துப்போயிருக்கலாம், நீங்கள் செய்தது கொலை என்று பொன்னையாவை ஏசினாளாம்.

ஆனால் அந்த நேரத்தில் அது எங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாரும் பேயைக் கண்ட மாதிரி நிற்கும்போது, வீராயி ஒருத்திதான் திரும்பி வந்தாள். தன் விரலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். மெதுவாக மறுபடி வைத்து மூடினாள்.

"என்னடி சொன்ன?" என்றாள்.

எத்தனையோ நாளாக அவளுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றது. காற்று அதில் ஒன்றுக்குத்தான் காணும்.

"மண்ண… நீ தின்னுடி" என்றேன்.

வீராயி அப்படியே என்மேல் விழுந்து ஓவென்று அழுதாள். இவதான், இவளேதான் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். தலையணைகளை எடுத்து வந்து, நானே சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒவ்வொன்றாகத் தலைமாட்டில் வைத்து உயர்த்தினாள். என் கழுத்தில் ஓடிய பாலைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

தனுஜா அழவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரத்தில் போய் நின்றாள். ஆட்கள் போகிறவரைக்கும், அத்தை அடுப்பைப் பார்க்கப் போகிறவரைக்கும் அங்கேயே நின்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த மழை மத்தியானத்தை நினைக்கிறாள். அவள் கும்பிட்டதை, வாசல்படியில் நின்றதை. எனக்குப் புத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டு செய்ததை.

அறையில் யாரும் இல்லாமல் போனபிறகு வந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் கட்டைவிரல் குழாய்மேல் வந்தது. வீராயி மாதிரி அழுத்தவில்லை. தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரித்தான் மூடினாள். காற்று ஓரத்தில் கசிந்தது.

"ஒனக்கு எப்ப இருந்தும்மா கேக்குது?"

வாழ்நாளில் யார் முகத்துக்கும் பயந்து ஒரு சொல்லை மாற்றிச் சொன்னவள் இல்லை நான். துரைக்கும் சொன்னதில்லை, புருசனுக்கும் சொன்னதில்லை. காற்றை இழுத்தேன்.

"இப்பத்தான். காலையில… இருந்து" என்றேன்.

"அதுக்கு முந்தி?"

"ஒண்ணும்… கேக்கல."

அவள் விரலை எடுக்கவில்லை. இன்னும் எதையாவது நான் சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள். அதற்குள் குழாயில் கொரகொர என்று சளி கட்ட ஆரம்பித்துவிட்டது. அவள் உடனே எழுந்து மெஷினைப் போட்டாள்.

அவள் நம்பினாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.